முடிச்சிட்டது யார் கை?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் கொடியில் போட்ட துணி எளிதில் உலர்வதில்லை. அத்தகைய ஒரு மாலையில் என் மகன் திண்ணையில் அமர்ந்து இரு கயிறுகளோடு போராடிக்கொண்டிருந்தான். குருளையர் படையில் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. மறுநாள் ஆசிரியர்முன் ‘ரீப்’ முடிச்சுப் போட்டுக் காட்டவேண்டும். வலத்தின்மேல் இடம், பின்பு இடத்தின்மேல் வலம் என்று சொல்வது எளிது. இருமுறையும் ஒரே பக்கமாகச் சுற்றினாலோ முடிச்சுக் கோணி நின்று, இழுத்தால் நழுவிவிடும். சரியாக விழுந்த முடிச்சு தட்டையாகப் படியும். காயக்கட்டின்மேல் உறுத்தாதென்பதால் முதலுதவிக்கு அது ஏற்றது.

பொறுமையிழந்த நான் கயிற்றைப் பிடுங்கி முடிச்சிட்டுக் கொடுத்தேன். அவன் அதை அப்படியே பையில் வைத்துக்கொண்டான். ஆசிரியரோ அதை அவிழ்த்துவிட்டு, “இனி நீ போடு, தம்பி” என்றாராம். சின்னமின்றித் திரும்பிய பிள்ளையின் முகத்தை நான் மறக்கவில்லை. பிழை அவனுடையதன்று.

பேடன் பவல் பிரபு 1907-இல் பிரௌன்சீ தீவில் சிறுவர் பாசறை நடத்தினார். சாரணர்களின் தம்பிமாரும் சேரத் துடித்தமையால் 1916-இல், கிப்ளிங்கின் ஓநாய்க் கதையைத் தழுவிக் குருளையர் பிரிவை அமைத்தார். 1950-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், ‘பிரவேஷ்’ என்னும் நுழைவு நிலையைக் கடந்து, ‘சரண்’ எனப்படும் படிகளில் ஏறி, பத்து வயதிற்குள் ‘தங்க அம்பு’ச் சின்னத்தை எட்டலாம். இயன்றவரை முயல்வேன் என்பதே குருளையின் வாக்குறுதி. இயன்றது அவனுக்கு, நமக்கன்று! அமெரிக்காவில் இளங்குருளையரின் கையேட்டில் பெற்றோரே தேர்ச்சிக்குக் கையொப்பமிடும் வழக்கமுண்டு. தந்தையே முடிச்சிட்டுவிட்டுக் கையொப்பமும் இடுவாரானால் அதற்கு என்ன பெயரிடுவது?

அப்படியாயின் பெற்றோர் செய்யத்தக்க உதவி யாது? இரு நிறக் கயிறுகள் வாங்கித் தாருங்கள். எது எதன்மேல் செல்கிறதெனக் கண்ணுக்குப் புலப்படும். எதிரே அமராமல் அருகே அமர்ந்து செய்துகாட்டுங்கள். எதிரே அமர்ந்தால் உங்கள் வலம் அவனுக்கு இடமாகிவிடும். பின்பு கையைக் கட்டிக்கொண்டிருங்கள். கடினமானது இதுதான்.

அடுத்த ஞாயிறன்று பேரருவியில் நீராடித் திரும்புகையில், ஈரத்துணி மூட்டையைத் தானே கட்டுவதாகச் சொன்னான். இருமுறை முடிச்சு நழுவித் துணிகள் சேற்றில் விழுந்தன. குனிந்த அவன் தாயைக் கண்ணால் தடுத்தேன். வெளுத்துக்கட்ட வேண்டியவள் அவளல்லவா, என்னை முறைத்தாள். மூன்றாம் முறை கட்டிய மூட்டை தென்காசி வரையில் அவிழவில்லை.

இரு வாரங்கள் கழித்து, அந்தச் சின்னத்தை அவன் சட்டையில் தைக்கும் வேலை மட்டும் எங்களுக்குக் கிடைத்தது.