ஆனதோத்தின் நிலம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறித்துப் பிரசங்கிப்போர் 2014ஆம் ஆண்டை மறத்தலாகாது. 2006இல் தொடங்கப்பட்ட நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்திற்று. இளம்பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். "வேறு வேலை கிடைக்கும்" என்று தேற்றுவது எளிது. ஆனால் அது முன்கணிப்பு, பொய்த்தும் போகலாம்.

'பிஸ்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை விசுவாசம் என்றும், 'எல்பிஸ்' என்பதை நம்பிக்கை என்றும் நம் வேதாகமம் பெயர்க்கிறது. இவ்விரண்டாவதன் பொருளை எரேமியா 32ஆம் அதிகாரம் தெளிவாக்குகிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தனர். நகரம் வீழும் என்றுரைத்த தீர்க்கதரிசி காவலில் இருந்தார். அவரே கர்த்தருடைய வார்த்தையின்படி, ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, கிரயப்பத்திரங்களை மண்பாண்டத்தில் வைப்பித்தார். (பத்திரத்தின் அருமையை ஒரகடத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.) அந்நிலத்தை அவர் உழுததாக வேதத்தில் இல்லை, பின்னர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

ஆகவே, நோக்கியா வளாகத்தில் பிற்காலத்தில் சால்காம்ப் நிறுவனம் உற்பத்தி தொடங்கியதை நம்பிக்கையின் பலனாகக் காட்டுதல் பொருந்தாது. 2014இல் வேலை இழந்தவள் அதற்குள் பல ஆண்டுகளைக் கடந்துவிட்டாள். அவ்வாண்டுகளில் சபை அவளோடிருந்ததா என்பதே கேள்வி.