தேர் திரும்பும் ஊரும் வேன் ஓடும் ஊரும்

ஊர்களின் முகம் – 14

சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே பேச்சு. ஆனாலும் பஸ் ஏறி ஒன்றிலிருந்து இன்னொன்றில் இறங்கினால் நம் நடையே மாறிவிடுகிறது. சிவகாசியில் கால் தானாக வேகமெடுக்கும். எதிரே வருகிறவரும் அப்படித்தான் வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியை நெருங்கியதும் அந்த அவசரம் கழன்றுவிடும். சிகாகோவிலும் வியன்னாவிலும் நடந்தபோது நான் உணர்ந்த வேறுபாடும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்கப் பெருநகரம் ஏன் ஐரோப்பிய நகரம் போல மனசில் ஒட்டுவதில்லை என்று கேட்டால், அது புதுசு, இது பழசு; அங்கே கட்டடம் உயரம், இங்கே குட்டை என்று பதில் வரும். எனக்கு அது போதவில்லை. சரியான பதில் விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

வியன்னாவின் பழைய நகரத்தில் தெருக்கள் வளைந்து போகின்றன. முனை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் வழி தப்புவதில்லை. ஸ்தேபான் பேராலயத்தின் தெற்குக் கோபுரம், 136 மீட்டர், 1433-லிருந்து நடுவில் நின்று நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடிக்கப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1857 டிசம்பரில் ஆணையிட்டார். அந்த இடத்தில் வட்டச்சாலை வந்தது. மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அதற்கும் முன்பே, 1840-களில், கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவைதான். சுவர் போனாலும், நடுவில் கோயில், அதைச் சுற்றி வீதி, அதற்கு வெளியே இன்னொரு வீதி என்ற வடிவம் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் அதன் சிறிய வடிவம். ரத வீதி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைத் தேர்தான் முடிவு செய்தது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் தேர் முக்கில் திரும்புவதற்காக விட்ட இடம், வருஷத்தின் மற்ற நாளெல்லாம் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கிறது. பால்கோவா வாங்க வந்தவர் நிற்கலாம், பஸ்ஸுக்கு நேரமிருப்பவர் உட்காரலாம், ஒரு வேலையும் இல்லாதவரும் 192 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி பொழுதைக் கழிக்கலாம். எதற்கு நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஐரோப்பிய நகரச் சதுக்கங்களில் பயணிகள் அனுபவிக்கிற சுகமும் இதுதான்.

சிகாகோவில் அந்த நடு கிடையாது. கோடு கிழித்து வெட்டிய தெருக்கள். மேற்கே பார்த்து நின்றால் தெரு அடிவானம் வரை ஓடுகிறது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் முனையைப் பூஜ்யமாக வைத்து, மைலுக்கு 800 என்று கதவிலக்கம் ஏறுகிறது. எங்கே இருக்கிறோம் என்பதை அங்கே கோபுரம் சொல்லாது, எண் சொல்லும். அந்த ஊருக்குப் பிறந்த தேதியும் ஏறக்குறையத் தெரியும். மிச்சிகன் ஏரிக்கு வரும் கால்வாய், முதல் ரயில், தானிய வியாபாரிகளின் 'போர்டு ஆஃப் டிரேட்' மூன்றும் வந்தது 1848-ல். 1840-ல் 4,470 பேர் இருந்த ஊர், 1890-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வயல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் இருக்க, கோதுமைக்கு விலை சொன்னது ஊர்தான்.

இதைப் படிக்கும் விருதுநகர்க்காரர் யாரும் இந்நேரம் தன் ஊரை நினைத்திருப்பார். மதுரை–தூத்துக்குடி ரயில் 1876-ல் அந்த வழியாகப் போனது. 1923-ல் விருதுபட்டி விருதுநகர் ஆனது. பருப்பும் வத்தலும் எண்ணெயும் மல்லியும் ஏலக்காயும் எங்கெங்கோ விளைந்தாலும், விருதுநகர் மார்க்கெட் விலை என்ன என்று பார்த்துத்தான் பல ஊர்க் கடைக்காரர்கள் வாய் திறப்பார்கள். பேப்பரில் தினமும் அந்த விலை வரும்.

சிவகாசி இன்னும் பிந்திய பிள்ளை. பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை வந்தது. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்று, மருந்து காய்வதற்கு வரமாயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சாபீஸ் வந்தது, பிறகு பட்டாசு. இந்தப் பட்டாசுதான் ஊரின் உருவத்தையே தீர்மானித்தது. வெடிமருந்துச் சட்டப்படி ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி வேண்டும், அறையில் இருக்கும் ஆட்களுக்கும் கணக்கு உண்டு. எனவே பட்டாசு ஆலைகளை ஊருக்குள் அடுக்க முடியாது. வெம்பக்கோட்டை, மாரனேரி, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் என்று பொட்டலெல்லாம் சின்னச் சின்ன அறைகளாக அவை பரவிக் கிடக்கின்றன. விடிந்ததும் கிராமம் கிராமமாக வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் காரை நம்பி நூறு திசையில் பரந்ததென்றால், இங்கே நெருப்புக்குப் பயந்து பரந்திருக்கிறோம். வாழ்வது ஓரிடம், உழைப்பது ஓரிடம், நடுவே வாகனம். இப்படிப்பட்ட ஊரில் நடந்து போகிறவருக்கு நடைபாதையும் நிழலும் கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இதோடு நிறுத்தி, பழைய ஊர் அழகு, புதிய ஊர் வறட்சி என்று எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தேரடியில் யாரெல்லாம் நிற்க முடிந்தது என்று கேட்க வேண்டும்.

சிவகாசி விஸ்வநாதர் கோயிலுக்குள் நாடார்களை விடக்கூடாது என்ற தகராறு முற்றி, 1899 ஜூனில் ஊரே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ.வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939 ஜூலை 8-ல்தான். தாழ்த்தப்பட்டவர்களான பி.கக்கன் முதலியோரோடு அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ்.சண்முக நாடார். அந்தத் தேதி வரை, நாம் இன்று ரசிக்கிற அந்த நடு அவருக்கு உரியதாக இல்லை. நடுவில் இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? வண்டிச் சரக்கை இறக்கிப் பாதுகாக்கப் பேட்டைகள் அமைத்தார்கள். உறவின்முறை கூட்டி, வியாபாரத்தில் இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள். அந்தப் பணத்தில் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளி. சிவகாசியின் ஓயாத வேகத்துக்குள் இந்த வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வெறும் பண ஆசை என்று சொல்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

அமெரிக்க நகரங்களைக் கட்டியவர்களில் பெரும்பாலோரும் இப்படி நடுவில் இடம் கிடைக்காதவர்கள்தான். 1840-களின் பஞ்சத்தில் ஓடிவந்த அயர்லாந்துக்காரர்கள், 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் அடிபட்டு வந்த யூதர்கள், நிலமில்லாத போலந்துக்காரர்கள், சிசிலிக்காரர்கள். ஐரோப்பாவின் அழகான சதுக்கங்களில் அவர்களுக்கு நிற்க இடமிருக்கவில்லை. வேலை கொடுக்கும் ஊரே போதும் என்று வந்தார்கள். ஊரும் அந்த முகத்தோடே வளர்ந்தது.

ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய ஊர், அடுத்து வருகிறவரை உள்ளே விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் சிகாகோவுக்குத் திரண்டு வந்தபோது, அவர்களுக்கென்று தெற்குப் பக்கத்தில் ஒரு பட்டை ஒதுக்கப்பட்டது. 1919 ஜூலை 27 அன்று யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஏரியில் மிதந்துகொண்டே வெள்ளையர் குளிக்கும் பக்கம் போய்விட்டான். கல்லெறிந்தார்கள்; மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அதே ஏரிக்கரையைக் கட்டடங்கள் விழுங்கக்கூடாது என்று மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி 1890 முதல் இருபதாண்டுக்கு மேல் வழக்காடி ஜெயித்திருந்தார். இன்று கிராண்ட் பார்க்கில் எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஓடி விளையாடுகிறார்கள் என்றால், அந்த வழக்கு மட்டும் காரணமில்லை. பின்னால் நடந்த உரிமைப் போராட்டமும் சேர்ந்துதான் காரணம்.

இந்த இரண்டு வேலையும் நம் பக்கம் பாதிதான் நடந்திருக்கிறது. விருதுநகர் கொஞ்சம் முந்திக்கொண்டது. கடைவீதியின் நடுவே தெப்பக்குளம் வைத்திருக்கிறது. தேசபந்து மைதானம் வைத்திருக்கிறது. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956-ல் சங்கரலிங்கனார் பட்டினி கிடந்தது அந்த மைதானத்தில். விலை பேசும் ஊருக்கு நடுவே விலை பேசாமல் நிற்க ஒரு திடல் இருந்ததால், அந்த முதியவரைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வர முடிந்தது.

சிவகாசியில் சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். வாரச் சம்பளம் வாங்கியவர்கள் குடும்பத்தோடு கடைவீதியில் இறங்குகிறார்கள். விரலிடுக்கில் மருந்தின் வெள்ளி நிறம் இன்னும் போகாத பெண்கள், கையில் பிள்ளை, பை நிறையச் சாமான். வாங்கி முடித்ததும் உட்கார இடமில்லை. கடைப்படியில் ஒதுங்கி நின்று, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்று, ஊர் திரும்புகிறார்கள். இந்தியா முழுவதும் தீபாவளி கொண்டாடுவது இவர்கள் கையால். இவர்களில் சிலர் காலையில் வேன் ஏறி, மாலையில் திரும்பாமலே போன நாட்களையும் நாம் அறிவோம். அவர்கள் ஊரில் அவர்களுக்கென்று ஒரு மரத்தடி கிடையாது.

சிகாகோவுக்கு ஏரி என்றால் சிவகாசிக்குக் கண்மாய்கள் உண்டு. அவற்றின் கரையை உயர்த்தி, வேம்பும் புங்கையும் வைத்து, உட்காரத் திண்டும் குடிக்கத் தண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் கட்ட மாநகராட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது. கரை கட்டவும் அந்தப் பழக்கம் போதும். டிக்கெட் வைக்க வேண்டாம். எந்த ஊர், யார் ஆள் என்று வாட்ச்மேன் விசாரிக்க வேண்டாம். சனிக்கிழமை இரவு கடைசி பஸ் வரும் வரை விளக்கு எரிய வேண்டும்.

(தொடரும்)