கண்ணாடிக் கூரைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடுவார்கள். அது கேனோபியை அறுப்பது. விமானியின் தலைக்கு மேல் கவிந்திருக்கும் அக்ரிலிக் குமிழ்தான் கேனோபி. ‘கிட்’ பெட்டியில் அது ஓரம் வெட்டாத முழுக் குமிழாக வரும். அதை அளவுக்கு அறுத்து, சட்டத்தில் உட்காரவைத்து, கீலும் பூட்டும் போடுவது வாங்கியவர் வேலை. குளிரில் அக்ரிலிக் அப்பளம் மாதிரி. ஓரத்தில் விழும் ஒரு சின்னக் கீறல் குமிழின் நடுவரை ஓடிவிடும். ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பொருள் குப்பைக்குப் போகும்.

பணம் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் கூரை பறக்கும்போது திறந்துகொண்டால் பொறுப்பு யாருடையது என்பது வேறு கேள்வி. சட்டம் அதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, இவ்வகை விமானங்களை ‘எக்ஸ்பெரிமென்டல், அமெச்சூர் பில்ட்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்கள் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று இதைச் சொல்வார்கள். அப்படிக் கட்டிய விமானத்துக்குப் பதிவேட்டில் உற்பத்தியாளர் கிட் கம்பெனி அல்ல, கட்டியவர்தான். தகட்டில் பொறிக்கப்படுவதும் அவர் பெயரே.

பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்தது. பறப்பதற்கு முன் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். அவர் ஆவணங்களைப் பார்ப்பார், விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பார். ஒவ்வொரு ரிவெட்டையும் சோதிக்க மாட்டார். தொழிற்சாலை விமானங்களுக்குரிய தரவிதிகளுக்கு இது உட்பட்டது என்றும் அந்தச் சான்றிதழ் சொல்வதில்லை. அரசு கையெழுத்துப் போட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

சட்டத்துக்கு வருவோம். நான் சொல்வது இரும்புச் சட்டம். ஆரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் கேனோபி இரண்டு விதமாக வரும்: பின்னால் சறுக்கித் திறப்பது ஒன்று, முன்பக்கக் கீலில் மேலே தூக்கித் திறப்பது இன்னொன்று. சறுக்கும் வகைக்கு எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம் தயாராகவே வருகிறது. ஆனால் வெல்டிங் சூட்டில் எஃகு முறுக்கிக்கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்ததும் உடற்பகுதியோடு அது அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. கொஞ்சம் வளைத்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வளைக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்தான் பிறகு அக்ரிலிக்கை இழுத்துப் பிடித்துத் திருகு போடுகிறார். அப்படி இழுவிசையோடு மாட்டிய குமிழ் இன்று இல்லாவிட்டாலும் ஒரு குளிர்காலக் காலையில் விரிசல் விடும்.

வெப்பக் கணக்கும் இருக்கிறது. அக்ரிலிக் எஃகைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு விரியும். 1.2 மீட்டர் நீளத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறினால், அக்ரிலிக் 3 மில்லிமீட்டருக்கு மேல் நகரும். எஃகு அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். திருகுத் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்வது இதனால்தான். அறுப்பதற்குப் பல்வைத்த ரம்பம் வேண்டாம், தேய்த்து அறுக்கும் வட்டு போதும். துளைக்க அக்ரிலிக்குக்கென்றே முனை தீட்டிய டிரில் பிட் உண்டு. அறை நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்துவிட வேண்டும். அசிட்டோன், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் மூன்றும் கிட்டே வரக்கூடாது. அவை பட்டால் உள்ளுக்குள் நூல்நூலாக வெடிப்பு ஓடும்.

உயிர் விஷயம் பூட்டில் இருக்கிறது. பறக்கும்போது கேனோபிக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால், சரியாகப் பூட்டாத கூரையைக் காற்று மேலே இழுக்கும். முன்கீல் வகை பெரும்பாலும் சில அங்குலம் தூக்கியபடி நின்றுவிடும். காக்பிட்டுக்குள் காற்று இரைந்து, வரைபடமெல்லாம் பறக்கும். அப்போது ஒரு கையால் கூரையைப் பிடித்து இழுக்கத் தோன்றும். அந்தச் சில நொடிகளில் விமானம் கையை விட்டுப் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. முதலில் விமானத்தை ஓட்டு, கூரையைத் தரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூத்த விமானிகள் சொல்வார்கள். நான்கு இருக்கை ஆர்வி-10 விமானத்தில் கேனோபிக்குப் பதிலாகக் கதவுகள். பின்பக்க முளை சரியாக மாட்டாமல் அவை நடுவானில் பிய்த்துக்கொண்டு போன சம்பவங்கள் உண்டு. அதன் பிறகே கூடுதல் பாதுகாப்புத் தாழ்ப்பாள் பொருத்தும்படி அறிவிப்பு வந்தது. இந்த மாதிரி கம்பெனி அறிவிப்புகள் இவ்வகை விமானங்களைச் சட்டப்படி கட்டாயப்படுத்துவதில்லை. செய்வதும் விடுவதும் உரிமையாளர் மனசாட்சியைப் பொறுத்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் நிலைமை இதுதான்.

அதனால் பயணியின் உரிமை முக்கியமாகிறது. இது சோதனைவகை விமானம் என்று ஏற்றிச்செல்பவர் உங்களிடம் சொல்லியாக வேண்டும். வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கை உங்கள் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். உங்களிடம் கட்டணம் வசூலித்து ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை. புதிதாகக் கட்டியது என்றால் முதல் கட்டச் சோதனைப் பறத்தல், வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், முடியும்வரை பயணியை ஏற்றவே கூடாது.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011-இல் விபத்துக்குள்ளான இவ்வகை விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை பிறரிடமிருந்து வாங்கியவை. தன் விமானத்தைத் தானே சோதிக்கக் கட்டியவர் பெறும் ‘ரிப்பேர்மேன்’ சான்றிதழ் விமானத்தோடு சேர்ந்து வராது. அவர் பெயரிலேயே நிற்கும். 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நிலைச் சோதனைக்கு நீங்கள் பொதுவாக ஏ அண்ட் பி உரிமம் பெற்ற மெக்கானிக்கைத்தான் தேட வேண்டியிருக்கும். கட்டுமானக் குறிப்பேடும் புகைப்படங்களும் இல்லாத விமானத்தை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். காசு கொடுத்து ஆள்வைத்துக் கட்டிவிட்டு, தானே கட்டியதாக எழுதிக்கொடுத்த விமானங்களும் சந்தையில் உண்டு. அந்தப் பொய் வெளியே வந்தால் சான்றிதழே ஆட்டம் காணும்.

இனி, முன்பணம். வான்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்புக் கோரியது. லேசரால் வெட்டிய பாகங்களின் துளைகளில் விரிசல் வந்தது அதன் சிக்கல்களில் ஒன்று. கிட்டுக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொண்டு ஆர்டரைத் தொடர வேண்டியதாயிற்று. இப்படி ஒரு நிலை வந்தால், சொந்த உபயோகத்துக்கு முன்பணம் கட்டியவரின் கோரிக்கைக்குத் திவால் சட்டம் முன்னுரிமை தருகிறது. ஆனால் குறிப்பிட்ட வரம்புவரைதான். 2022 முதல் அந்த வரம்பு 3,350 டாலராக இருந்தது. மீதித் தொகைக்குக் கடன்காரர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நீதிமன்றம் குறிக்கும் கடைசித் தேதிக்குள் கோரிக்கையைப் பதியாவிட்டால் அதுவும் போச்சு. ஆகவே முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள், ரசீதையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டுகிறவர்களுக்கு இலவசத் துணை இருக்கிறது. 1953-இல் தொடங்கி, இப்போது ஆஷ்கோஷில் தலைமையகம் வைத்திருக்கும் இஏஏ சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் உங்கள் பட்டறைக்கே வந்து பார்ப்பார்கள். கேனோபிச் சட்டத்தை மூடி மறைப்பதற்கு முன் அவர்களைக் கூப்பிடுங்கள், பிறகு அல்ல. கேனோபி வானில் திறந்து, தெரியாமல் ஏதாவது விதியை மீற நேர்ந்திருந்தால், 10 நாளுக்குள் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்புத் தகவல் திட்டத்துக்கு எழுதுங்கள். வேண்டுமென்று செய்யாத மீறல்களுக்கு அது பெரும்பாலும் தண்டனையிலிருந்து காக்கும்.

அமெரிக்காவில் நண்பர் யாராவது தன் கையால் கட்டிய விமானத்தில் ஒரு சுற்று வரலாம் என்று கூப்பிட்டால், இரண்டு விஷயம் கேளுங்கள்: விமானம் கவிழ்ந்து கூரை திறக்காமல் போனால் அக்ரிலிக்கை உடைக்கும் சுத்தியல் எங்கே இருக்கிறது, பூட்டு முழுதாக விழுந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது. பதிலைக் கேட்டுவிட்டு, கூரையை உங்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறந்து பார்த்த பிறகு பெல்ட்டைப் போடுங்கள்.