கறி மஞ்சளில் ஈயம்: கடையில் கேட்க நமக்குள்ள உரிமை

சம்பளம் கிடைத்த மறுநாள் புசல்லாவைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடைகளில் கூட்டம் நெரியும். மா, பருப்பு, சீனி, கருவாடு எல்லாம் வாங்கி முடித்து, கடைசியில் ஐம்பது கிராம் மஞ்சத்தூள் கேட்போம். சில கடைகளில் அள்ளித் தாளில் சுற்றித் தருவார்கள். அந்தச் சுருளில் தயாரித்தவர் பெயர் இருக்காது, திகதியும் இருக்காது. 'நல்லா கலரா இருக்கு' என்று நிறத்தை நம்பித்தான் வாங்கி வருகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் கலப்படக்காரர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்னும் இயற்கை நிறமி. 1815இல் வோகல், பெல்லெட்டியே ஆகிய இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதியியல் அமைப்பு 1910இல் தெளிவானது. கிழங்கில் அது நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரைவது மிகவும் குறைவு, வெளிச்சத்தில் வைத்தால் மங்கிவிடும். சுண்ணாம்பு பட்டால் சிவந்துபோகும். ஆலாத்தித் தட்டில் நடப்பது இதுதான். ஆகவே நல்ல மஞ்சத்தூள் பார்வைக்குக் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும், தாளிக்கும் எண்ணெயில்தான் அதன் நிறம் எழும். மாதக்கணக்காகக் கடைக் கண்ணாடிப் போத்தலில் இருந்தும் பளபளப்புக் குறையாத மஞ்சளைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கலப்படத்தில் பணத்தோடு போவது ஒன்று, உயிரைத் தொடுவது இன்னொன்று. அரிசி மா, சோள மா கலந்தால் ஏமாற்றம்தான். மெட்டனில் யெல்லோ என்ற துணிச்சாயமும் ஈயக் குரோமேட்டும் அப்படியல்ல. ஈயக் குரோமேட் பெயின்டுக்கும் வீதிக் கோடுகளுக்கும் பயன்பட்ட பொருள். பங்களாதேஷில் மங்கிப்போன கிழங்கை மினுக்கும்போது இதைச் சேர்க்கும் வழக்கம் 1980களில் தொடங்கியது. வெள்ளத்தில் நனைந்து நிறம் கெட்ட மஞ்சளை விற்கக் கண்ட வழி அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜென்னா ஃபோர்சித்தும் பங்களாதேஷ் ஆய்வாளர்களும் 2019இல் இதை அம்பலப்படுத்தினார்கள். அரசு சோதனையில் இறங்கி, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, மக்களுக்கும் எடுத்துச் சொன்னது. 2019இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடங்களில் சாதித்தார்கள் என்பதை நம் அதிகாரிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இலங்கையில் கலப்படத்துக்கு வாசல் திறந்தது தட்டுப்பாடு. 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த வருடம் ஒரு கிலோவின் விலை ஆயிரக்கணக்கில் ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னார், கற்பிட்டிப் பக்கமாக மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்தார்கள், கடற்படை பிடித்தது. கடத்தி வந்த சரக்கை எந்தப் பரிசோதகரும் பார்ப்பதில்லை. விலை ஏறும்போதெல்லாம் இந்த ஆபத்தும் கூடவே ஏறும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அதே அளவு உள்ளே போனாலும் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடம்பு இன்னும் கூடுதலாக உறிஞ்சும். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7. ஊட்டக்குறைவின் அடையாளம் இது. அதனால்தான் லயத்துச் சமையலறையில் உள்ள மஞ்சத்தூளைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை உண்டு, ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி தூளைப் போட்டுக் கலக்காமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுவதும் அடர்ந்த மஞ்சளானால் சாயம் சேர்ந்திருக்கலாம். ஈயக் குரோமேட்டோ தண்ணீரில் கரையாது. தூளோடு சேர்ந்து அதுவும் அடியில் படிந்துவிடும், நமக்குத் தெரியாது. முழு மஞ்சள் வாங்கி இடித்தால் தப்பலாம் என்பதும் பாதிதான் உண்மை, ஏனென்றால் பூச்சு கிழங்கின் மேலேயே இருக்கலாம். ஈரக்கையால் தேய்த்ததும் பளிச்சென்ற மஞ்சள் ஒட்டினால் அதை வாங்காதீர்கள். பூசைக்கென்று விற்கும் தூளைக் கறிக்குப் போடவும் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் மீதித் தூளைக் கொட்டிவிடாமல், வாங்கிய பக்கெட்டோடு கட்டி வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நாம் பி.எச்.ஐ. என்கிறவரிடம், சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும், குற்றம் தெரிந்தால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுத்துமூல முறைப்பாட்டை, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். ஐம்பது கிராமுக்கு என்ன பில் என்று கூச்சப்படாதீர்கள், அந்தத் துண்டுச்சீட்டு இருந்தால்தான் முறைப்பாடு வலுவாக நிற்கும்.

கடன் கொப்பியில் சாமான் வாங்கும் குடும்பம் கடைக்காரர் மேல் முறைப்பாடு கொடுக்கத் தயங்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. அப்படியென்றால் தனியாகப் போக வேண்டாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து, அல்லது மாதர் சங்கம், தொழிற்சங்கக் கிளையின் பெயரில் எழுதிக் கொடுங்கள். சின்னக் கடைக்காரரும் பல நேரம் ஏமாற்றப்பட்டவர்தான். 'இந்த மஞ்சள் யாருகிட்ட எடுத்தீங்க அண்ணே, அந்த பில்லை எடுத்து வைங்க' என்று அவரிடமே முதலில் கேளுங்கள். பி.எச்.ஐ. வரும்போது மொத்த வியாபாரி வரைக்கும் போக அந்த பில்தான் வழி.