புளூட்டோவை நீக்க ஓட்டு போட்டது யார்? ஒரு சர்வதேச அறிவியல் சங்கம் நடக்கிற கதை

ஒன்பது கோள்கள் எட்டான நாளில் விவாதம் அறிவியலோடு நிற்கவில்லை. யார் ஓட்டு போடலாம், யார் பணம் கட்டுவது, கூட்டத்தை எங்கே வைப்பது என்கிற அலுப்பான நிர்வாகக் கேள்விகளும் சேர்ந்துகொண்டன. சர்வதேச வானியல் சங்கத்தின் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு விளக்கம்.

ஸ்கூல்ல ஒன்பது கோள்களை மனப்பாடம் செய்த தலைமுறை நீங்கள் என்றால், ஒருநாள் திடீர்னு அது எட்டாகிப்போனது ஞாபகம் இருக்கும். 'யாரைக் கேட்டு மாத்தினாங்க?' என்று அன்றைக்கு வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. பல வானியலாளர்களும் அதையேதான் கேட்டார்கள்.

அன்று என்ன நடந்தது?

2006 ஆகஸ்டில் செக் குடியரசின் பிராக் நகரில் சங்கத்தின் பொதுச்சபை கூடியது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் இது. கோள் என்றால் என்ன என்று வரையறுக்க, வரலாற்றாசிரியர் ஓவன் ஜிஞ்சரிச் தலைமையில் ஏழு பேர் குழு முன்பே அமைக்கப்பட்டிருந்தது. அவர்கள் கொண்டுவந்த வரைவுப்படி கோள்கள் குறையவில்லை, பன்னிரண்டாகக் கூடின. செரஸ், ஷாரன், பின்னர் ஈரிஸ் எனப் பெயர் பெற்ற இன்னொன்று என மூன்றும் பட்டியலில் சேர இருந்தன.

அரங்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. சுமார் ஒரு வாரத்தில் வரைவு தலைகீழாக மாறியது. ஆகஸ்ட் 24 அன்று உறுப்பினர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கி ஓட்டு போட்டார்கள். புதிய வரையறை பெரிய பெரும்பான்மையோடு நிறைவேறியது. அதற்குத் தனியாக எண்ணிக்கை எடுக்கக்கூட இல்லை. புளூட்டோவைப் புதுவகைப் பொருள்களின் முன்மாதிரியாக ஏற்கும் அடுத்த தீர்மானத்துக்குத்தான் எண்ணினார்கள். ஆதரவு 237, எதிர்ப்பு 157, நடுநிலை 30. மொத்தம் 424 பேர்.

அப்போது சங்கத்தில் சுமார் 9,000 உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வந்தவர்களே ஏறக்குறைய 2,500 பேர். பத்து நாளுக்கும் மேல் நீளும் கூட்டத்தில் அந்த மதியம் வரை எத்தனை பேர் இருப்பார்கள்? பலர் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். குழுத் தலைவர் ஜிஞ்சரிச்சே அமெரிக்கா திரும்பிவிட்டதால் ஓட்டு போட முடியவில்லை. விதி மீறப்படவில்லை. அரங்கத்தில் இருப்பவர்தான் ஓட்டு போடலாம் என்பதே அன்றைய விதி. பிரச்சினையே அந்த விதிதான்.

இந்தச் சங்கத்தை நடத்துவது யார்?

1919ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சங்கம் இது. பெல்ஜியம், கனடா, பிரான்ஸ், பிரிட்டன், கிரீஸ், ஜப்பான், அமெரிக்கா என ஏழு நாடுகள்தான் முதலில். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியை அப்போது வெளியே நிறுத்தினார்கள். அறிவியலுக்கு எல்லை இல்லைனு சொல்வோம், ஆனால் அறிவியல் சங்கத்துக்கு எல்லை இருந்தது.

இன்று 12,000க்கு மேற்பட்ட தனி உறுப்பினர்கள். இவ்வளவு பெரிய அமைப்புக்குத் தலைமை அலுவலகம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறீங்க? பாரிஸில், ஒரு வானியல் ஆய்வு நிறுவனக் கட்டடத்தில் இயங்கும் சின்ன அலுவலகம், அவ்வளவுதான். அதுவும் ஆரம்பத்தில் கிடையாது. பொதுச்செயலாளர் எந்த ஊரோ, அந்த ஊர்தான் அலுவலகம்.

தலைவர், பொதுச்செயலாளர் எல்லோருமே வேறெங்கோ பேராசிரியராகவோ ஆய்வாளராகவோ இருப்பவர்கள். அன்றாட நிர்வாகத்தின் பாரம் பொதுச்செயலாளர் தலையில். கூட்டங்களுக்கு அனுமதி, பட்ஜெட், நாடுகளோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் வழியாகத்தான். மூன்றே வருஷப் பதவி.

மூன்று வருஷத்தில் ஆள் மாறினால் வேலை அறுந்துபோகாதா? அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். உதவிப் பொதுச்செயலாளர் மூன்று வருஷம் கூடவே இருந்து வேலை கற்றுக்கொண்டு, அடுத்து பொதுச்செயலாளர் ஆவார். தலைவர் பதவிக்கும் இதே மாதிரி முன்கூட்டியே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி முடிந்தவர்கள் ஆலோசகராகத் தொடர்வார்கள். உங்க ஆபீஸில் நோட்டீஸ் பீரியட் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடக்கும் வேலை ஒப்படைப்பை நினைத்துப் பாருங்கள். இங்கே அதற்கு மூன்று வருஷம்.

பணம் எங்கிருந்து வருது?

தனி உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டியதில்லை. நாடுகள்தான் கட்டுகின்றன. இந்தியா சார்பில் உறுப்பினராக இருப்பது இந்திய தேசிய அறிவியல் அகாடமி. நாடுகள் பல படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மேல்படியில் இருக்கும் நாடு கூடுதலாகக் கட்டும்.

ஓட்டுரிமையும் இதையொட்டியே இரண்டாகப் பிரிகிறது. அறிவியல் விஷயம் என்றால் ஆளுக்கு ஒரு ஓட்டு. பட்ஜெட் என்றால் நாடுகளுக்குத்தான் ஓட்டு, அதுவும் படிநிலை எண்ணைவிட ஒன்று கூடுதலாக. அதாவது முதல் படியில் இருக்கும் நாட்டுக்கு 2 ஓட்டு, ஐந்தாம் படியில் இருக்கும் நாட்டுக்கு 6 ஓட்டு. அதிகம் கட்டுபவருக்குச் செலவில் அதிகம் குரல். எது கோள் என்பதில் அந்தக் குரல் செல்லாது. பணத்தையும் அறிவியலையும் பிரிக்கும் சுவர் இந்தச் சின்ன விதிதான்.

ஒரு கூட்டம் நடத்துவதில் அப்படி என்ன கஷ்டம்?

ஹால் புக் பண்ணுவதோடு முடிகிற வேலை இல்லை. 1951 பொதுச்சபை சோவியத்தின் லெனின்கிராடில் நடக்க இருந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நிர்வாகக் குழு கூட்டத்தைத் தள்ளிவைக்க, சோவியத் தரப்பு எதிர்த்தது. கடைசியில் 1952ல் ரோமில் நடந்தது. சோவியத்துக்கு வாய்ப்பு 1958ல் மாஸ்கோவில்தான் கிடைத்தது.

அடுத்தது சீனா. 1950களின் இறுதியில் தைவானை உறுப்பினராகச் சேர்த்ததும் சீனா வெளியேறியது. திரும்பி வர சுமார் இருபது வருஷம் ஆனது. தீர்வு எப்படி வந்தது தெரியுமா? பெயரில். ஒன்று 'சீனா நான்ஜிங்', இன்னொன்று 'சீனா தைபே'. நாட்டின் பெயரோடு ஊர்ப் பெயரை ஒட்டி இரு தரப்பும் ஒரே சங்கத்தில் இருக்க வழி செய்தார்கள். எது நாடு, எது இல்லை என்று தீர்ப்பு சொல்வது வானியலாளர்கள் வேலை இல்லை. இரு பக்க விஞ்ஞானிகளும் உள்ளே வர ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவின் பங்கு?

சென்னையில் பிறந்த வைனு பாப்பு 1979ல் இந்தச் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1982 ஆகஸ்டில் காலமானார். அவர் உருவாக்கிய காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1985 பொதுச்சபை டெல்லியில் நடந்தது. 2019ல் நாட்டுக்கு ஒரு கோள் எனப் பெயர் வைக்கும் வாய்ப்பைச் சங்கம் கொடுத்தபோது, இந்தியாவுக்கு வந்த நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக 'பிபா' என்றும், அதன் கோளுக்கு 'சந்தமசா' என்றும் பெயர் கிடைத்தது.

பிராகுக்குப் பிறகு என்ன மாறியது?

ஹபிள் விதியை 'ஹபிள்-லெமைத்ர் விதி' என்று அழைக்கலாமா என்ற கேள்வி 2018ல் வியன்னா பொதுச்சபைக்கு வந்தது. பிரபஞ்சம் விரிவதைப் பற்றி பெல்ஜிய விஞ்ஞானி ஜார்ஜ் லெமைத்ர் 1927லேயே எழுதியிருந்தார். இந்தமுறை அரங்கத்தில் இருந்தவர்களோடு முடிவை முடிக்கவில்லை. எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னணு ஓட்டு போனது. தகுதி பெற்ற சுமார் 11,000 பேரில் 4,060 பேர் ஓட்டளித்தார்கள். 78 சதவீதம் ஆதரவு.

424 எங்கே, 4,060 எங்கே! ஆனாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஓட்டே போடவில்லை என்பதையும் கவனியுங்கள். வாய்ப்பு இல்லாததால் ஓட்டு போடாததும், வாய்ப்பு இருந்தும் போடாததும் ஒன்றல்ல. முதலாவதற்கு நிர்வாகம் பதில் சொல்லணும்.

இதில் நமக்கு என்ன?

இந்தச் சங்கத்திடம் போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. நீங்கள் புளூட்டோவைக் கோள் என்றே சொன்னாலும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில செனட் 2009ல் புளூட்டோவைக் கோளாகவே அங்கீகரித்து ஒரு தீர்மானம் போட்டது. அதைக் கண்டுபிடித்த கிளைட் டாம்போ பிறந்த மாநிலம் அது. சங்கத்தால் என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் இல்லை.

அப்படியானால் உலகமே ஏன் அதன் பேச்சைக் கேட்கிறது? முடிவு எடுத்த முறை நியாயமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். புளூட்டோ விஷயத்தில் வரையறையை ஏற்றுக்கொண்டவர்கள்கூட முறையைக் குறை சொன்னார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

உங்க அபார்ட்மென்ட் சங்கமோ, கல்லூரி முன்னாள் மாணவர் அமைப்போ, சம்பளம் இல்லாமல் நடத்தும் எதுவாக இருந்தாலும் அடுத்த பெரிய தீர்மானத்துக்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். வரைவு எல்லோர் கைக்கும் எத்தனை நாள் முன்னால் போகிறது? ஊரில் இல்லாதவர் எப்படி ஓட்டு போடுவார்? இதற்குப் பதில் இல்லையென்றால் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைப்பதே நல்லது. சரியான முடிவாகவே இருந்தாலும், கூட்டத்துக்கு வராதவர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே!