எது சார் எங்க தரப்பு?

கடந்த வாரம் விழுப்புரத்தில் ஒரு மாணவியைச் சந்தித்தோம். இதழியல் இளங்கலை இறுதித் தேர்வை முடித்துவிட்டு, விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு வாளி, ஒரு பாய். பாய்க்குள் சுருட்டி வைத்த 17 சார்ட் தாள்கள். "மூணு வருஷத்துல சம்பாதிச்சது இவ்வளவுதான்க்கா" என்று சிரித்தார். பெயர் போடலாமா என்று கேட்டோம். "இப்ப வேணாம். என் செய்தி வரும்போது போடுங்க" என்றார்.

அம்மா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. குடும்பத்தில் இவர்தான் முதல் பட்டதாரி. உடன் படித்தவர்கள் கேமராவோடு வந்தபோது இவர் அண்ணனின் பழைய செல்போனில் படம் எடுத்தார். உதவித்தொகை தாமதமான பருவங்களில் தேர்வுக் கட்டணத்துக்கு மகளிர் குழுக் கடன்தான் கைகொடுத்தது. இதெல்லாம் நம் வாசகர்கள் அறியாததல்ல.

இரண்டாம் ஆண்டில் வகுப்பின் பயிற்சி இதழுக்காகத் தன் ஊர்ச் செய்தி ஒன்றை எழுதினார். அடைமழையில் காலனிப் பாட்டி ஒருவர் இறந்துவிட்டார். சுடுகாட்டுக்கு நேர்வழி ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அந்த வழியில் காலனிப் பிணம் போனதில்லை. நடவு வயலின் வரப்பில் நான்கு பேர் தோளில் தூக்கிப் போனார்கள். வரப்பு உடைந்தது. பாடை சரிந்தது. முழங்கால் சேற்றில் நின்று பாட்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். இதை நேரில் பார்த்து, காலனியிலும் ஊரிலும் ஆட்களிடம் பேசி, 300 சொற்களில் எழுதிக் கொடுத்தார். அச்சில் வந்தது ஐந்து வரி. தலைப்பு: 'மயானப் பாதை: இரு தரப்பினரிடையே பிரச்சினை'.

ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "எது சார் எங்க தரப்பு? பொணத்தத் தூக்கிக்கிட்டு சேத்துல நின்னதா?"

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். நடுநிலை என்று தமக்குச் சொல்லித் தரப்பட்டதை அவர் திருப்பிச் சொல்லித் தந்தார், அவ்வளவுதான். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தராசில் வைத்து 'இரு தரப்பு மோதல்' என்று எழுதும் வழக்கம் எல்லாச் செய்தி அறைகளிலும் உண்டு. இந்தப் பத்தி வெளிவரும் நாளிதழும் அதற்கு விலக்கல்ல. யார் உட்கார்ந்து தலைப்பு வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1996-இல் பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காத கதையை எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. எடுத்துக்கொண்ட ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

இதழ் நடத்துவது நமக்குப் புதிதும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-இல் வந்தது. 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. இதழியல் வரலாறு என்று ஒரு தாள் முழுவதும் படித்த இந்த மாணவிக்கு இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தில் வரவில்லை. விடுதியில் நடந்த அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டிருக்கிறார்.

அடுத்த வாரமே விடுதியின் உணவுக்கூடச் சுவரில் ஒரு கையெழுத்து இதழ் ஒட்டப்பட்டது. முதல் செய்தி, குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது. எத்தனை கதவு, எத்தனை மாதமாக, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று கணக்காக எழுதினார். காப்பாளரின் விளக்கமும் அதிலேயே இருந்தது. நான்காம் நாள் தாழ்ப்பாள் வந்தது.

"அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலக்கா. எழுதினா தாழ்ப்பாள் வருதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்படி வந்த 17 இதழ்கள்தாம் அந்தப் பாய்க்குள் இருந்தவை. குடிநீர்த் தொட்டி, சாம்பாரின் தண்ணீர், சமையல்கார அம்மாவுக்கு வராத சம்பளம். ஓர் இதழை யாரோ கிழித்துப் போட்டார்கள். கிழித்ததையே அடுத்த இதழில் செய்தியாக்கினார்.

மயானப் பாதையையும் அவர் விடவில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊரின் 'அ' பதிவேட்டு நகலைக் கேட்டார். பதில் வந்திருக்கிறது. ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகும் தடம், வண்டிப்பாதை. அரசுப் புறம்போக்கு. சர்வே எண்ணோடு தாள் அவர் பெட்டியில் இருக்கிறது.

இனி என்ன? சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் மாதம் 18,000 ரூபாய்க்கு அழைத்திருக்கிறது. மாவட்டத்திலேயே பகுதி நேர நிருபராக இருந்தால் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. நம் ஆட்களில் சிலர் "சமூகத்துக்காக இங்கேயே இரு" என்று அவருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் எல்லாருக்கும் மாதச் சம்பளம் இருக்கிறது. குழுக் கடன் கட்ட வேண்டிய வீட்டுப் பெண்ணிடம் தியாகம் கேட்க நமக்கு வாய் வரவில்லை. போய் வா என்றோம்.

கிளம்பும்முன் மார்க்கர் பேனாக்களை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் கொடுத்தார். 18-ஆவது இதழை அவர் எழுத வேண்டும். நம் கையில் நான்கு பக்கம் கொடுத்தார். மயானப் பாதைச் செய்திதான், சர்வே எண்ணோடு திருத்தி எழுதியது. ஊர்த்தெருவில் மூன்று பேர் சொன்னதும் அதில் இருக்கிறது. அடுத்த வாரம் இந்த இடத்தில் அது வரும், அவர் பெயரோடு.