அசையும் புரதத்துக்கு ஒரே படம் போதுமா?

ஜான் கெண்ட்ரூ 1958-ல் மயோகுளோபினின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது முதல், புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவதே நடைமுறையானதைச் சென்ற வாரம் பார்த்தோம். கெட்டியாக மடிந்த புரதங்களுக்கு அந்த வழி மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் நடுவில் வளைந்துகொடுக்கும் பகுதி உள்ள புரதங்களுக்கும், அவை பிற புரதங்களோடு சேர்ந்து அமைக்கும் கூட்டுகளுக்கும் அது பாதி விடையைத்தான் தரும். மீதியைக் கரைசலில்தான் தேட வேண்டும். அங்கே கிடைப்பது ஒற்றை வடிவம் அல்ல, பல வடிவங்களின் தொகுப்பு.

இதற்குக் கால்மாடுலின் நல்ல சாட்சி. உயிரணுவுக்குள் கால்சியம் கூடுவதை மற்ற புரதங்களுக்குத் தெரிவிக்கும் இந்தப் புரதத்தில் 148 அமினோ அமிலங்கள்தான். 1985-ல் வெளியான படிக ஆய்வில், இரு முனையிலும் உருண்டை, நடுவே நீண்ட நேரான சுருள் என்று டம்பெல் போலத் தெரிந்தது. கரைசலிலும் அப்படியேதானா என்று சோதிக்கச் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் உதவியது. முதலில் புரதம் கலக்காத பஃபர் கரைசலை அளப்பார்கள். பிறகு புரதம் கலந்ததை அளந்து, முன்னதைக் கழிப்பார்கள். மிஞ்சும் சிதறல் வளைகோட்டின் தொடக்கச் சரிவிலிருந்து, மூலக்கூறு தன் மையத்தைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். கால்மாடுலினுக்கு அந்த அளவு ஏறத்தாழ 21 ஆங்ஸ்ட்ரம். படிக வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் வருவதைவிடக் குறைவு. தசையிலுள்ள ஒரு நொதியின் துண்டைப் பற்றிக்கொண்டதும் அது இன்னும் வெகுவாகச் சுருங்கியது. 1992-ல் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) ஆய்வு காரணத்தைக் காட்டியது: சுருளின் நடுவே, 78 முதல் 81 வரையிலான அமினோ அமிலங்களில் பிடி தளர்ந்திருக்கிறது, இரு உருண்டைகளும் ஏறக்குறைய தனித்தனியே திரும்புகின்றன. இலக்கை அவை இரு பக்கமும் சூழ்ந்து பிடிப்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. நடுப்பகுதி வளையாவிட்டால் அந்தப் பிடிப்பே நடக்காது.

சிதறல் முறைக்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. ஒரே ஒரு வளைகோட்டை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அணுக்களின் இடத்தைச் சொல்ல முடியுமா? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல மாதிரிகள் அதே கோட்டுக்குப் பொருந்துமே! பொருந்தும் என்பது உண்மைதான். அதனால்தான் ஹாம்பர்க்கில் டிமிட்ரி ஸ்வெர்குன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட முறை கேள்வியையே மாற்றுகிறது. முதலில் கணினியில் ஏராளமான வடிவங்களை உருவாக்கி, அவற்றில் எந்தக் கூட்டத்தின் சராசரி அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று தேடுகிறார்கள். அந்த வடிவங்களும் மனம்போல வரைந்தவை அல்ல. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு வரையறுத்துவிட்டது. முடிவில் ஸ்வெர்குன் குழுவினர் சொல்வது ‘வடிவம் இதுதான்’ என்று அல்ல. ‘வடிவங்களின் பரவல் இவ்வளவு’ என்றுதான். தரவு குறைவாக இருக்கும்போது, அது தாங்கும் அளவுக்கே முடிவும் சொல்லப்படுகிறது. தேடலில் சேர்க்காத என்.எம்.ஆர். அளவீட்டை அந்தத் தொகுப்பு சரியாக முன்கூட்டிச் சொன்னால் நம்பிக்கை கூடும். பொய்த்தால் தொகுப்பைக் கைவிட வேண்டியதுதான்.

உருவாக்கியவர்களுக்கு 2024-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த, புரத வடிவத்தைக் கணிக்கும் கணினி நிரலான ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு இவ்வளவு பாடு எதற்கு என்றும் கேட்கலாம். உருண்டைகளை அது பெரும்பாலும் துல்லியமாகக் கணிக்கிறது. தளர்ந்த இணைப்புப் பகுதிக்கு வரும்போது அதுவே தன் நம்பகமதிப்பைக் குறைத்துக் காட்டுகிறது. ஆக, பகுதிகளின் வடிவத்தைக் கணினியிடம் வாங்கிக்கொண்டு, அவை ஒன்றையொன்று எப்படி அணுகி விலகுகின்றன என்பதைக் கரைசலில் அளப்பதே பொருத்தமான வேலைப் பங்கீடு. மருந்து வடிவமைப்பவருக்கும் இது முக்கியம்: படிகப் படத்தை மட்டும் நம்பினால், மூலக்கூறு அரிதாக எடுக்கும் ஒரு நிலைக்கே மருந்து தேடிக்கொண்டிருக்க நேரலாம். கனநீரையும் நியூட்ரானையும் கொண்டு, கூட்டில் ஒரு புரதத்தை மட்டும் மறைத்து மற்றதைப் பார்க்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)